மூன்று வீட்டு அடுப்பு

மாலை நான்கு மணிக்கு அந்தச் சொல் மாறிவிடும். செண்பகவடிவுக்கு அது காலையிலேயே தெரிந்துவிட்டது. அப்போதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் அமர்வாள், எழுந்து சன்னலருகே போவாள், மறுபடி திரைக்கு வருவாள். ஊற்றி வைத்த தேநீர் இரண்டு முறை ஆறிப்போனது.

திரையில் 'சந்தியாகப்பர்' என்ற விசைப்படகின் பெயரும், அதன் கீழே ஆறு மனிதர்களின் பெயர்களும் இருந்தன. புயல் கடந்து அன்று மூன்றாம் நாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'தொடர்பற்றவர்' என்று இருந்தது. நான்கு மணிக்கு அது 'இழக்கப்பட்டவர்' ஆகும் என்று நிலைகாட்டி முன்னறிவிப்புக் கொடுத்திருந்தது.

நிலைகாட்டி என்பது கரைக் காப்பு மையத்தின் கணிப்பு இயந்திரம். நீரோட்டம், காற்று, குளிர், ஒரு மனிதன் நீரில் தாங்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துத் தினமும் நான்கு மணிக்குக் கடலில் இருப்பவர்களுக்குரிய சொல்லைத் திருத்தும். மனிதர் ஒருவர் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த மனிதர்தான் செண்பகவடிவு. மறுப்பதற்கும் அவளுக்கு உரிமை உண்டு, ஆனால் இயந்திரம் ஏற்கும்படியான காரணம் வேண்டும். மனம் ஒப்பவில்லை என்பது காரணங்களின் பட்டியலில் இல்லை.

"அக்கா, கொஞ்சம் உட்காருங்க. நீங்க நடக்கிறதைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்றான் ஹாரூன். இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளன். போன ஆண்டுதான் இந்த மையத்துக்கு வந்தவன்.

"ஒரு சொல்லுதானேன்னு உனக்குத் தோணுதா தம்பி?"

"ஒரு சொல்லுக்குப் பின்னாடி பன்னிரண்டு ட்ரோன் இருக்குன்னு தெரியும்க்கா."

அதுதான் உண்மை. தொடர்பற்றவர் என்றால் இந்தக் கடலில் பன்னிரண்டு ட்ரோன்களும் தேடும். காணாதவர் என்றால் ஆறு தேடும். இழக்கப்பட்டவர் என்றால் ஒன்றும் தேடாது. மறுநாள் அதிகாரி ஒருவர் மாலையோடு வீட்டுக்குப் போவார்.

"சொல்லையும் தேடுறதையும் எதுக்கு இப்படிச் சேர்த்துக் கட்டினாங்க?" என்று கேட்டான் ஹாரூன்.

"நல்லதுக்குத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு புயல். போலீஸ்ல காணவில்லைன்னு எழுதினாங்க. மீன்துறையில கரை திரும்பாதோர்னு எழுதினாங்க. தாலுகாவில பாதிக்கப்பட்டோர். கூரை போனவனும் அதுதான், கால் போனவனும் அதுதான். பேப்பர்ல பலி எட்டுன்னு போட்டான். அதே எட்டுப் பேர்தான், நாலு இடத்துல நாலு விதமா. பலியானதா போட்டதுல ஒருத்தர், தன் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறப்ப வீட்டுக்குள்ள நடந்து வந்தாரு."

"அப்புறம்தான் குழு போட்டாங்களா?"

"ஆமா. பலின்னு எழுதக்கூடாதுன்னு நான்தான் அந்தக் குழுவுல சண்டை போட்டேன். பலின்னா யாரோ கொடுக்கிறது. இவங்களை யாரும் யாருக்கும் கொடுக்கலையே. கடைசில மூணு சொல்லு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை. யாரும் இஷ்டத்துக்கு எழுத முடியாதுன்னு சந்தோஷப்பட்டோம்." அவள் திரையை நோக்கிக் கை காட்டினாள். "கடலை மட்டும் வச்சுப் பார்த்தா இவங்க உயிரோட இருக்க என்ன வாய்ப்பு?"

ஹாரூன் விசைகளைத் தட்டினான். "முப்பத்தொண்ணு சதவீதம்."

"அது குறையில்லையே. அப்புறம் ஏன் நாலு சதவீதம்னு காட்டுது?"

"வீட்டுக் குறிப்பு இழுக்குதுக்கா. ஒவ்வொரு வீட்டுச் சுவர்லயும் புயல் எச்சரிக்கைப் பெட்டி வச்சிருக்கோமில்ல? பேச்சைப் பதியாது. அடுப்பு எரியுதா, வீட்டுல எவ்வளவு சத்தம் இருக்கு, இவ்வளவுதான் பார்க்கும். ஒருத்தன் வேற ஊர்ல கரையேறினா முதல்ல வீட்டுக்குத்தான் போன் போடுவான், நமக்கு இல்ல. வீடு கலகலன்னு ஆயிரும். அதை வச்சு எத்தனையோ பேரைச் சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்கு."

"இந்த ஆறு வீட்டுல என்ன?"

"அஞ்சு வீட்டுல மூணு நாளா அடுப்பே எரியல. சத்தமும் இல்ல. அக்கம்பக்கத்துல ரெண்டு மடங்கு சமையல் நடக்குது, சோறு அங்கிருந்து வருதுன்னு கணக்குப் பண்ணியிருக்கு. பழைய புயல்கள்ல இப்படி இருந்த வீடெல்லாம் துக்க வீடுதான். வீட்டுக்காரங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு, அழுது முடிச்சுட்டாங்கன்னு எடுத்துக்கிடுது."

செண்பகவடிவு எழுந்து பையை எடுத்தாள். அவள் வளர்ந்த தெருவிலும் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அந்த ஐந்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி நேற்றுத் தொலைபேசியில் பேசியபோது அவள் குரல் அழுது முடித்த குரலாக இல்லை.

"எங்கக்கா?"

"அந்த ஊருக்குத்தான். ஜீப்புல ஒரு மணி நேரம். போனைக் கையில வச்சிரு."

ஜீப்பில் அவள் வாய் தேவாரத்தை முணுமுணுத்தது. மனம் கடிகாரத்திலேயே இருந்தது.

*

மாதாகுடியிருப்பில் மாதா கோயில் வாசல் படிகளில் ஐந்து பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் தூக்குவாளிகள். பக்கத்துத் தெருக்காரர்கள் கொண்டுவந்த சோறு பாதி தொடாமலே இருந்தது. நடுவில் இருந்தவள் ஜெசிந்தா, படகின் டிரைவர் அமலதாசின் மனைவி.

"ஏதும் தாக்கல் உண்டா?" என்று எழுந்தாள்.

"சேதி இன்னும் இல்லம்மா. ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். உங்க வீட்டுல ஏன் அடுப்பு எரியல?"

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைக் கேக்கவா அவ்வளவு தூரத்துல இருந்து வந்திய? மாதாகிட்ட நேர்ந்திருக்கோம். அவிய வந்து கை நனைக்கிற வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டோம்னு. அஞ்சு பேரும் சேந்துதான் நேர்ந்தோம்."

செண்பகவடிவு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அது துக்கம் இல்லை. துக்கத்துக்கு நேர் எதிரானது. கணவன் வருவான் என்று ஒரு பெண் கடவுளிடம் போட்ட பிடிவாதத்தை, அவன் வரமாட்டான் என்று இயந்திரம் படித்துக்கொண்டிருந்தது.

தனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி எதைப் பார்க்கிறது, நேர்ச்சை என்று காரணம் எழுதினால் இயந்திரம் ஏன் ஏற்காது, நான்கு மணிக்கு என்ன நடக்கும், ட்ரோன்கள் எப்படி விலகிவிடும். சொல்லி முடித்தபோது மணி இரண்டேகால்.

கார்மேலி என்ற இளம்பெண் மெல்லக் கேட்டாள். "அப்ப நாங்க நேர்ந்ததுதான் அவியளக் கொல்லுதா?"

"நேர்ச்சையில தப்பில்ல தாயி. அதைப் படிக்கத் தெரியாத ஒண்ணுகிட்டப் படிக்கக் கொடுத்தோமே, தப்பு அங்க இருக்கு. இப்ப அடுப்பைப் பத்தவச்சாப் போதும்."

"அது நடக்காது" என்றாள் ஜெசிந்தா. "மாதாவுக்குக் கொடுத்த வாக்க ஒரு பெட்டிக்காக மாத்தவா? மாத்தி, அதனாலயே அவியளுக்கு ஒண்ணு ஆயிட்டா? நீங்களா பதில் சொல்லுவிய?"

செண்பகவடிவும் நேர்ந்துகொள்கிறவள்தான். நேர்ந்ததை மீறச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்போது தெருப்பக்கமிருந்து ஒருத்தி கட்டங்காப்பி டம்ளரோடு வந்தாள். ஒடிசலான உடம்பு, புகையில் சிவந்த கண்கள். படியில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"குடிங்கம்மா. வெயில்ல வந்திருக்கீய" என்று டம்ளரை நீட்டினாள். "என் பேரு பிரகாசி. தொம்மைக்கு நான்தான் பொண்டாட்டி. அவியளும் அந்தப் படகுலதான் இருக்காவ."

ஆறாவது வீடு இவளுடையது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் ஒரே வீடு.

"புருசன் கடல்ல கெடக்காவ, இவ மீன் பொரிக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணு பிள்ளைக பசிக்குதுன்னு சொல்லுதுக. மாதாவும் பிள்ளை வளத்தவதான, அவளுக்குத் தெரியும்" என்றாள் பிரகாசி, திரும்பிப் பார்க்காமலே. பிறகு ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றாள். "மைனி, சாவியக் கொடுங்க. நேர்ந்தது நீங்க அஞ்சு பேரு. நான் ஒண்ணும் நேரலையே. உங்க வீட்டு அடுப்ப நான் பத்தவைக்கேன். உங்க கை அதுல படாது."

இரண்டு ஆண்டுகளாக அவர்களுக்குள் பேச்சில்லை என்பது சுற்றி நின்றவர்களின் அமைதியிலேயே தெரிந்தது.

"இவளா? என் அடுப்படிக்குள்ளயா?" என்றாள் ஜெசிந்தா, வேறு யாரிடமோ சொல்வதுபோல.

"ஏன், அங்க என்ன வச்சிருக்கீய, நான் தூக்கிட்டுப் போக? புளி காணாத குழம்புச் சட்டிதான இருக்கும்."

கார்மேலி சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளில் அந்தப் படியில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவள் விரல்கள் தேடத் தொடங்கின.

"சாமியார் என்ன சொல்லுவாவளோ" என்றாள் ஒருத்தி.

"சாமியார் வீட்டுல சமையல்காரன்தான் பத்தவைக்கான். அவரு வாயத் தொறக்க மாட்டாவ" என்றாள் பிரகாசி.

*

பெண்கள் எழுந்து தெருவுக்குள் போனபோது ஹாரூன் அழைத்தான். செண்பகவடிவு ஒதுங்கி நின்று பேசினாள்.

"அக்கா, போட்டுப் பார்த்தேன். ஆறு வீட்டு அடுப்பும் எரிஞ்சா இருபத்தெட்டு சதவீதம் வருது. தொடர்பற்றவர்னே நிக்கும், பன்னிரண்டு ட்ரோனும் இங்கதான். மூணு வீடு எரிஞ்சா பதினாலு. காணாதவர்னு ஆகும், ஆறு ட்ரோன் நிக்கும்." ஒரு கணம் தயங்கினான். "இது ஏமாத்து வேலை ஆகாதாக்கா?"

"அடுப்பு நெசமாத்தான எரியப்போகுது. சோறும் நெசம். இதுல பொய் எங்க இருக்கு?"

"சரி. இன்னொண்ணும் இருக்கு. இங்கிருந்து விடுபடுற ட்ரோன் நாகைப் பக்கம் போகணும்னு உத்தரவு. அங்க ஒரு படகுல பதினொரு பேர். அந்தக் கடலுக்கு இருக்கிறதே ரெண்டு ட்ரோன்தான்."

செண்பகவடிவு போனை வைத்துவிட்டு வெயிலில் நின்றாள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். கேட்க யாரும் இல்லை. இந்தப் பெண்களுக்கு இருக்கிற பாரம் போதாதா? ஆனால் சொல்லாமல் விடுவதும் அவர்களுக்காக அவளே முடிவெடுப்பதுதான். இயந்திரம் மூன்று நாளாகச் செய்துவருவதும் அதுவேதான்.

கார்மேலியின் வீட்டில் பிரகாசி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடுப்பு எரிந்தது. தெருப்பெண்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று ஒரே சத்தம். சுவரிலிருந்த பெட்டியின் பச்சை விளக்கு நிதானமாக மின்னியது. அடுத்த வீட்டில் அவள் பற்றவைத்த அடுப்பில் தெருப்பெண்கள் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். பெட்டிக்கு உண்மையான சமையலைத்தான் காட்ட வேண்டும் என்று பிரகாசி அங்கேயும் ஓடி, தன் வீட்டுக் கருவாட்டை வதக்கி வைத்துவிட்டு வந்தாள். அவள் வீட்டோடு சேர்த்து மூன்று அடுப்புகள். மணி மூன்று பத்து.

அடுத்தது ஜெசிந்தாவின் வீடு. பிரகாசி சாவியைத் துளையில் நுழைத்தபோது செண்பகவடிவு அவள் தோளைத் தொட்டாள். எல்லோரையும் கூப்பிட்டு, பதினொரு பேரைப் பற்றிச் சொன்னாள்.

பெண்கள் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பொம்பளைகளுக்கு யாராச்சும் போயி இப்பிடி எடுத்துச் சொன்னாவளா?" என்று பிரகாசி கேட்டாள்.

"தெரியலம்மா. சொல்லியிருக்க மாட்டாங்க."

பிரகாசி சாவியைத் துளையிலிருந்து எடுத்தாள். தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, நேரம் போவுது. தொற" என்றாள் ஜெசிந்தா. இரண்டு ஆண்டுக்குப் பிறகு அவள் நேராகப் பேசிய முதல் சொல்.

"மைனி, நமக்கு ஆறு நிக்கும். போதாதா?"

"என்னத்துக்குடி போதும்? கடலு என்ன உன் வீட்டுக் கொல்லையா? பன்னெண்டு இருந்தாத்தான சீக்கிரம் பாக்கும்."

"பன்னெண்டையும் நாமளே வச்சுக்கிடவா? அங்கயும் இப்பிடித்தான ஒருத்தி வாசல்ல உக்காந்திருப்பா."

"உன் புருசனும் அதுல இருக்காவட்டி."

"இருக்காவ. அதனாலதான் மைனி எனக்குக் கை ஓடல." அவள் குரல் தாழ்ந்தது. "அவிய வந்து, நீ என்னட்டி செஞ்சேன்னு கேட்டா, எல்லாத்தையும் நாங்களே எடுத்துக்கிட்டோம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவியளும் விரும்ப மாட்டாவ. ஒத்த மீன் கெடச்சாலும் பாதிய அடுத்த வலைக்காரனுக்குப் போட்டுட்டு வார ஆளு."

ஜெசிந்தா சுவரில் சாய்ந்தாள். பிறகு கையை நீட்டிச் சாவியை வாங்கி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு சரியாக விழவில்லை. பிரகாசி அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

நான்கு மணிக்குத் திரையில் ஆறு பெயர்களுக்கும் எதிரே 'காணாதவர்' என்று மாறியது. செண்பகவடிவு கையிலிருந்த சிறு திரையில் ஒப்புதல் கொடுத்தாள். சிறிது நேரத்தில் ஆறு ட்ரோன்கள் கோயில் கோபுரத்துக்கு மேலே வடக்கு நோக்கிப் போயின. பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கார்மேலி அவற்றுக்குச் சிலுவை அடையாளம் போட்டாள்.

*

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கவிழ்ந்து மிதந்த 'சந்தியாகப்பர்' படகின் முதுகைப் பற்றிக் கிடந்த ஐந்து பேரை ஒரு ட்ரோன் கண்டது. மருத்துவமனையில் அமலதாசுக்குப் பேச்சு வர மாலையாயிற்று.

"தொம்மை எங்கய்யா?" என்று கேட்ட அதிகாரியிடம், "நேத்துப் பொழுது சாயிற வரைக்கும் எங்ககூடத்தான் இருந்தான். பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்" என்றான்.

செண்பகவடிவு அந்த வரியை அறிக்கையில் படித்தாள். நேற்றுப் பொழுது சாய்ந்தது ஆறேகாலுக்கு. ட்ரோன்கள் வடக்கே போனது நான்கே காலுக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊரிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தெருப்பெண்கள் பிரகாசியின் வீட்டைத் தனியாக விட்டதில்லை. ஜெசிந்தா தன் நேர்ச்சை முடிந்த நாளன்றே அரிசியும் விறகடுப்புச் சட்டியுமாக அங்கே போய்விட்டாள். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். இன்னொரு நாள் எல்லோரும் கார்மேலி வீட்டில் சேர்ந்து சமைத்தார்கள். இன்னொரு நாள் வேறு வீடு. யார் வீட்டு அடுப்பு யாருக்காக எரிகிறது என்று யாருக்கும் கணக்கில்லாமல் போயிற்று.

மூன்றாம் வாரம் ஹாரூன் செண்பகவடிவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இதைப் பாருங்கக்கா. நிலைகாட்டி தன் பாடத்தைத் திருத்திக்கிட்டிருக்கு."

திரையில் மாதாகுடியிருப்புக்கு எதிரே ஒரு குறிப்பு இருந்தது: 'இவ்வூர் வீடுகள் நம்பத்தக்கவை அல்ல. வீட்டுக் குறிப்புகள் இனிக் கணக்கில் கொள்ளப்படா.'

"யார் வீட்டுல யார் சமைக்கிறாங்கன்னு அதுக்குப் பிடிபடல, நம்பத்தகாத ஊருன்னு பேர் எடுத்துட்டாங்க" என்று சிரித்தான் ஹாரூன். "வீட்டுக் குறிப்பு இருந்த இடம் இப்ப வெறும் கட்டமா நிக்குது. மனுஷங்க யாராவது எழுதினா ஏத்துக்கிடுது. என்ன எழுதினாலும் மறுக்கத் தெரியல அதுக்கு."

தேடுதல் பதினைந்தாம் நாளே நின்றுவிட்டது. அது வேறு விதி, அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் சொல்லை மாற்றாமல் வைத்திருக்க இப்போது வழி இருந்தது. தொம்மையின் பெயருக்கு எதிரே 'இழக்கப்பட்டவர்' என்று நிலைகாட்டி தினமும் நான்கு மணிக்கு முன்மொழியும். செண்பகவடிவு அந்த வெறும் கட்டத்தில் 'வீட்டார் இன்னும் சொல்லவில்லை' என்று எழுதுவாள். சொல் மாறாமல் நிற்கும்.

நாற்பத்தோராம் நாள் பிற்பகல் பிரகாசி மையத்துக்கு வந்தாள். வெளுத்துத் தேய்த்த சேலை. கையில் ஒரு துணிப்பை.

"உங்க மிசின்ல அவியளுக்கு என்ன சொல்லு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"காணாதவர்னு."

"அதை மாத்தணும்மா. அவிய ஆத்துமாவுக்குப் பூசை வைக்கணும். பெரியவன், அப்பா எப்ப வருவாவன்னு தெனம் வாசல்ல போயி நிக்கான். நான் சொல்லாம அவனுக்கு யாரு சொல்லுவா? முதல்ல என் வாயால ஒரு இடத்துல சொல்லிப் பழகணும்னு வந்தேன்."

செண்பகவடிவு நாற்காலியை நகர்த்தி அவளை அருகில் உட்கார வைத்தாள். ஹாரூன் தண்ணீர் கொண்டுவந்தான். பிரகாசி அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அமலதாஸ் அண்ணன் சொன்னாவ, பொழுது சாயிற வரைக்கும் இருந்தாவன்னு" என்றாள். "அந்த நாகைப் பக்கம் எத்தன பேரு வந்தாவ?"

"ஒன்பது பேர். பதினொரு பேர்ல."

"பிள்ளைகுட்டிக்காரவியளா?"

"ஏழு பேருக்குக் குழந்தைகள் இருக்கு. ஒருத்தருக்குப் போன வாரம்தான் பிறந்திருக்கு."

பிரகாசி தலையை அசைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு முறையும் அசைத்தாள். பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்லு இருக்கு அதுல?"

செண்பகவடிவு படித்துக் காட்டினாள். "இழக்கப்பட்டவர்."

"நாங்க அப்பிடிச் சொல்ல மாட்டோம். கடலோட போயிட்டாவன்னுதான் சொல்லுவோம். அது உங்க மிசினுக்குத் தெரியாட்டிப் பரவாயில்ல. நீங்க உங்க சொல்லையே போடுங்க. நான் என் சொல்லச் சொல்லிக்கிடுதேன்." அவள் திரையில் இருந்த பெயரை விரலால் தொட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். "எந்த இடத்துல அமுக்கணும்?"

செண்பகவடிவு காட்டினாள். பிரகாசி தானே அமுக்கினாள்.

"நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும். பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து காத்துக் கெடக்கும்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை கூடவே போன செண்பகவடிவின் கையை ஒரு முறை இறுகப் பிடித்தாள், விட்டாள், படியிறங்கிப் போனாள்.

செண்பகவடிவு திரும்பி வந்தபோது கட்டம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று நிலைகாட்டி கேட்டிருந்தது. ஹாரூன் எழுந்து அவளுக்கு இடம் விட்டான்.

அவள் உட்கார்ந்து எழுதினாள்: 'வீட்டார் சொன்னார்கள்.'